கோடி வரி பட்டியலை எண்ணும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு லிஸ்டில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னால், பைத்தான் புதிதாகப் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். லிஸ்டை செட்டாக மாற்றி வெவ்வேறு சொற்களைத் தனியே எடுத்துக்கொள்வது, பிறகு அந்த ஒவ்வொரு சொல்லுக்கும் லிஸ்டின் கவுன்ட் மெத்தடைக் கூப்பிடுவது. நூறு சொல் உள்ள சோதனை ஃபைலில் இது உடனே முடிந்துவிடும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பத்து லட்சம் சொற்கள், அதில் 50,000 வெவ்வேறு சொற்கள் என்று வரும்போதுதான் தெரியும். கவுன்ட் ஒவ்வொரு முறையும் லிஸ்டின் தலையிலிருந்து வால் வரை நடக்கும். 50,000 நடை, நடைக்குப் பத்து லட்சம் ஒப்பீடு. மொத்தம் 5,000 கோடி ஒப்பீடுகள்.

இதையே ஒரு டிக்‌ஷனரி வைத்து எழுதினால் பத்து லட்சம் படிகள்தான். லிஸ்டை ஒரே ஒரு முறை நடக்கிறோம். கையில் கிடைத்த சொல் டிக்‌ஷனரியில் இருந்தால் அதன் எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறோம், இல்லாவிட்டால் ஒன்று என்று போடுகிறோம். டிக்‌ஷனரி உள்ளே ஒரு ஹேஷ் டேபிள், அதாவது சொல்லிலிருந்து ஹேஷ் என்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்தே சொல்லின் இடத்தைக் கண்டுபிடிக்கும் அட்டவணை. அதில் தேடுவதற்குச் சராசரியாக ஒரே அளவு நேரம்தான் ஆகும், உள்ளே ஆயிரம் சொல் இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும். ஆகவே பட்டியலின் நீளம் ஒரு பெரிய கவலையே இல்லை, நீளம் இரட்டித்தால் நேரம் இரட்டிக்கும், அவ்வளவுதான். மெமரியைத் தின்பதும், கணினியைத் திணறடிப்பதும் வெவ்வேறு பொருள்கள் எத்தனை என்ற எண்தான். பெரிய பட்டியலை எண்ண உட்காரும் யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அந்த எண்ணைத்தான். கீழே சொல்லும் முறைகளில் பலவும் அதைச் சுற்றியே வரும்.

உதாரணத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் டம்ப் ஃபைலை, அதாவது கட்டுரைகளின் மொத்த நகலை, எடுத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து சொற்களின் அலைவெண் பட்டியல் எடுப்பது நல்ல பயிற்சி. தமிழில் ‘வீடு’ என்று ஒரு சொல் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கும், வீடுகளையாவது என்று பல உருவம் எடுப்பதால், வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை அதே அளவு ஆங்கில உரையில் இருப்பதைவிட மிக வேகமாக ஏறும். அதில் பெரும்பகுதி ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்களாக இருக்கும்.

பைத்தானில் இதற்கென்றே கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் கவுண்டர் இருக்கிறது. 2.7, 3.1 பதிப்புகளிலிருந்து உண்டு. கையால் எழுதும் லூப்பைவிட இது வேகமாக ஓடக் காரணம், எண்ணும் உள்லூப் சி மொழியில் எழுதப்பட்டிருப்பதுதான். இதைப் பயன்படுத்தும்போது சில இடங்களில் கால் இடறும்.

கவுண்டருக்கு ஒரு சொல்லை நேராகக் கொடுத்தால் அது சொல்லை எண்ணாது, அதன் எழுத்துக்குறிகளை எண்ணும். அப்டேட் மெத்தடும் அப்படித்தான். ஒற்றைச் சொல்லைச் சேர்க்க வேண்டுமானால் அதை ஒரு லிஸ்டுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது, கவுண்டரில் இல்லாத சொல்லைக் கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும், ஆனால் அந்தச் சொல்லை உள்ளே சேர்க்காது. இல்லாத சொல்லுக்குத் தானே தொடக்க மதிப்பு தரும் டிக்‌ஷனரி வகையான டிஃபால்ட்டிக்ட் அப்படி அல்ல. கேட்ட மாத்திரத்தில் பூஜ்யம் என்று ஒரு பதிவை உண்டாக்கிவிடும். ஒரு லட்சம் சொற்கள் இருக்கின்றனவா என்று சும்மா சோதித்துப் பார்த்தாலே, இல்லாதவை எல்லாம் பதிவாகி மெமரி ஏறும், வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று கேட்டால் தப்பான விடையும் வரும். டிஃபால்ட்டிக்ட் வைத்திருப்பவர்கள் சோதனைக்கு கெட் மெத்தடையே பயன்படுத்த வேண்டும்.

ஃபைலை எப்படிப் படிக்கிறோம் என்பதும் முக்கியம். ரீட்லைன்ஸ் என்று போட்டால் ஃபைல் முழுதும் மெமரிக்குள் வந்து உட்காரும். ஃபைலையே நேராக லூப்பில் விட்டால் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் வரும், எண்ணி முடித்ததும் போய்விடும். வரிகள் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் அப்டேட் கூப்பிடும் செலவே கணிசமாகும். அப்போது எல்லா வரிகளையும் பிரித்து ஒரே ஓட்டமாகத் தரும் செயின் ஃபிரம் இட்டரபிளை இட்டர்டூல்ஸிலிருந்து எடுத்து, அதை ஒரே ஒரு கவுண்டருக்குக் கொடுப்பது நல்லது.

அதிகம் வரும் பத்து சொற்கள் வேண்டுமானால் மோஸ்ட் காமன் மெத்தடுக்குப் பத்து என்று எண்ணைக் கொடுங்கள். எண் கொடுத்தால் அது ஹீப் (முழுதும் வரிசைப்படுத்தாமலே பெரியவற்றைப் பொறுக்க உதவும் அமைப்பு) வைத்துப் பத்தை மட்டும் பொறுக்கும். கொடுக்காவிட்டால் மொத்தத்தையும் வரிசைப்படுத்தும். எல்லாவற்றையும் வரிசைப்படுத்த வைத்துவிட்டு அதில் முதல் பத்தை வெட்டி எடுப்பது வீண் வேலை.

பல கவுண்டர்களைக் கூட்டும்போது பிளஸ் குறியை லூப்பில் போடாதீர்கள். ஒவ்வொரு பிளஸ்ஸும் புதிதாக ஒரு கவுண்டரைக் கட்டி, இரண்டு பக்கத்துச் சொற்களையும் அதில் பிரதி எடுக்கிறது. நூறு துண்டுகளைக் கூட்டினால், வளர்ந்துகொண்டே போகும் பெரிய கவுண்டர் ஏறக்குறைய நூறு முறை பிரதியாகும். அப்டேட் மெத்தட் இருக்கும் கவுண்டரிலேயே கூட்டிவிடும். பிளஸ்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு, விடையில் பூஜ்யமோ அதற்குக் கீழோ வரும் பதிவுகளை அது சொல்லாமல் தூக்கிவிடும். மைனஸ் குறியும் அப்படியே. கழித்த பின் எதிர்மறை எண்களும் வேண்டுமென்றால் சப்டிராக்ட் மெத்தட்தான் வழி.

இரண்டும் ஒரே சொல்தானா?

எண்ணும் வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எதை எதோடு சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பற்றி எழுதுவது குறைவு. தமிழ் உரையில் பெரும்பாலான தப்புகள் இங்கேதான் நுழைகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘கொடு’ என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அப்போது சொல்லில் நான்கு குறியீடுகள். அல்லது ஒற்றைக்கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் போடலாம், அப்போது ஐந்து. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். டிக்‌ஷனரிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஹேஷ் வேறு, நீளம் வேறு, பட்டியலில் ‘கொடு’ இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஓகாரக் குறிக்கும் இதே கதைதான். எந்தக் கீபோர்டில் தட்டினார்கள், எந்தப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஃபைலில் இரண்டு வடிவமும் கலந்து கிடக்கும். யூனிகோடின் என்எஃப்சி சீர்மை இவற்றை ஒரே குறியீடாகச் சேர்த்துவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் போதும்.

என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்தும் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து வரிசை, எந்தச் சீர்மையும் அதைச் சேர்க்காது. ‘ஸ்ரீ’யும் அப்படி. ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, யூனிகோடில் பின்னால் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும் வடிவம் இன்னொன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். இவற்றுக்கு நாமே மாற்று அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ‘ரிக்‌ஷா’ போன்ற சொற்களில் க்ஷ என்ற கூட்டெழுத்து வராமல் தடுக்கக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கக் குறியைச் சிலர் போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். எண்ணுவதற்கு முன் அதை எடுத்துவிடுவதே நல்லது. ஃபைலின் முதல் சொல் மட்டும் எப்போதும் தனியாக ஒரு முறை எண்ணப்படுகிறதென்றால், தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சொல்லைப் பிரிக்கும் இடம். பைத்தானின் ஆர்ஈ மாட்யூலில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்வு டபிள்யூவைப் போட்டால் தமிழ் சிதறும். அந்தக் குறி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். புள்ளியும், கால், கொம்பு முதலான உயிர்க்குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன. ஆகவே ‘அம்மா’வைக் கொடுத்தால் ‘அம’ என்றும் ‘ம’ என்றும் இரண்டு துண்டு கிடைக்கும். கவுண்டர் அதைக் குறைசொல்லாமல் எண்ணி, உயிர்க்குறி இல்லாத ஒற்றை எழுத்துகளைப் பட்டியலின் உச்சியில் கொண்டுவந்து வைக்கும். உங்கள் அலைவெண் பட்டியலின் தலையில் க, த, ம என்று மொட்டை எழுத்துகள் வரிசையாக நின்றால் காரணம் இதுதான். தமிழ் யூனிகோட் பகுதியின் முதல் குறியீட்டிலிருந்து கடைசிக் குறியீடு வரை ஒரு வீச்சாகக் கொடுத்துப் பிரிக்கலாம். தனியாக நிறுவ வேண்டிய ரீஜெக்ஸ் மாட்யூல் ஒட்டுக்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும், அதையும் பயன்படுத்தலாம்.

ஒரு கோடிச் சொற்களில் ஒவ்வொன்றுக்கும் நார்மலைஸ் கூப்பிட்டால் எண்ணுவதைவிடச் சீர்செய்ய அதிக நேரம் ஆகும். அதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. முதலில் சொற்களை இருந்தபடியே எண்ணி முடியுங்கள். பிறகு கவுண்டரில் உள்ள வெவ்வேறு சொற்களை மட்டும் சீர்செய்து, ஒன்றாகிப்போனவற்றின் எண்ணிக்கைகளைக் கூட்டி இன்னொரு கவுண்டரில் போடுங்கள். ஒரு கோடிச் சொற்களில் எட்டு லட்சம் வெவ்வேறு என்றால் நார்மலைஸ் எட்டு லட்சம் முறைதான் ஓடும், விடை அதேதான். அடிச்சொல் பிரிப்பது, சிறிய எழுத்தாக்குவது போன்ற செலவான வேலைகளுக்கும் இது பொருந்தும். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மாற்றும் வேலைகளை மட்டும் முன்னாலேயே செய்துவிட வேண்டும். இணைப்புநீக்கக் குறியை எடுப்பது அந்த வகை, தமிழ் வீச்சை வைத்துப் பிரித்தால் அந்தக் குறி சொல்லை இரண்டாக்கிவிடும்.

மெமரி எங்கே போகிறது

‘அம்மா’வில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 ஃபைலில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். பைத்தான் 3.3க்குப் பிறகு தமிழ்ச் சொல்லை மெமரியில் குறியீட்டுக்கு இரண்டு பைட் வீதம் வைக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தலைப்பகுதி உண்டு. பதிப்பைப் பொறுத்து ‘அம்மா’ மெமரியில் ஏறக்குறைய எழுபது முதல் எண்பத்தைந்து பைட் வரை பிடிக்கும். டிக்‌ஷனரியின் அட்டவணையில் அதற்கான இடம் தனி. எண்ணிக்கையைக் குறிக்கும் முழு எண்ணுக்கு மட்டும் பெரும்பாலும் செலவில்லை, ஏனென்றால் -5 முதல் 256 வரையுள்ள எண்களைப் பைத்தான் முன்கூட்டியே ஒருமுறை உண்டாக்கி எல்லோருக்கும் அதையே தருகிறது. நம் பட்டியலில் பெரும்பாலான சொற்கள் ஒன்று, இரண்டு என்றுதானே வருகின்றன.

ஒரு கோடி வெவ்வேறு சொற்கள் என்றால் கவுண்டர் ஒரு ஜிபியைத் தாண்டும். அதோடு நிற்காது. அட்டவணை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் பைத்தான் பெரிய அட்டவணை ஒன்றைக் கட்டி எல்லாவற்றையும் அதற்கு மாற்றும். அந்த நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே மெமரியில் இருக்கும். நிதானமாக ஏறிக்கொண்டிருந்த மெமரி திடீரென்று துள்ளி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் புரோகிராமைக் கொன்றுவிடுவது இந்த நேரத்தில்தான் அதிகம் நடக்கும்.

வெவ்வேறு சொற்கள் மெமரியில் அடங்காது என்று தெரிந்தால் ஹேஷால் பிரித்து வைப்பதுதான் உறுதியான வழி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஹேஷ் கணக்கிட்டு, அதை 64ஆல் வகுத்து வரும் மீதியைப் பார்த்து, 64 ஃபைல்களில் ஒன்றில் எழுதுகிறோம். ஒரே சொல் எப்போதும் ஒரே ஃபைலுக்குத்தான் போகும். பிறகு ஒவ்வொரு ஃபைலையும் தனியே எண்ணினால், ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்கு வெவ்வேறு சொற்கள் மட்டுமே ஒரு நேரத்தில் மெமரியில் இருக்கும். கடைசியில் கூட்ட வேண்டியதே இல்லை, ஒரு ஃபைலில் உள்ள சொல் மற்றதில் இருக்காது. எழுதும் முன் ஒரு லட்சம் வரி அளவில் சின்னக் கவுண்டரில் எண்ணி, சொல்லையும் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதினால் டிஸ்க்கில் எழுதும் அளவு கணிசமாகக் குறையும். ‘ஒரு’, ‘என்று’ போன்றவை லட்சம் தடவை எழுதப்படாமல் துண்டுக்கு ஒரு தடவை எழுதப்படும்.

இங்கே பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ் ஃபங்ஷனைப் பயன்படுத்தக் கூடாது. 3.3 பதிப்பிலிருந்து சொற்களுக்கான ஹேஷ் ஒவ்வொரு முறை பைத்தான் தொடங்கும்போதும் மாறும். பாதுகாப்புக்காகச் செய்தது அது. இரண்டு முறையாக ஓட்டினாலோ இரண்டு கணினிகளில் ஓட்டினாலோ ஒரே சொல் இரண்டு ஃபைல்களில் விழும், எண்ணிக்கை பாதி பாதியாக உடையும், பிழைச்செய்தி எதுவும் வராது. ஸீலிப் மாட்யூலில் உள்ள சிஆர்சி32 போன்ற மாறாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே புராசஸ் மெதுவாக இருக்கிறதென்று ஃபைலைத் துண்டு போட்டுப் பல புராசஸ்களில் எண்ணலாம். வழக்கமான பைத்தானில் த்ரெட்கள் (ஒரே புராசஸுக்குள் ஓடும் இழைகள்) இதற்கு உதவாது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும். துண்டுகளைச் சொற்களின் லிஸ்டாக அனுப்பினால் அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். ஃபைலின் தொடக்க, முடிவு பைட் எண்களை மட்டும் அனுப்பி, புராசஸே ஃபைலைத் திறந்து படிக்கட்டும். துண்டின் எல்லை ஒரு சொல்லின் நடுவில் விழுந்தால், அடுத்த புதுவரிக் குறி வரை நகர்த்திக்கொள்ளலாம். யுடிஎஃப்-8இல் புதுவரி பைட் வேறு எந்த எழுத்தின் உள்ளேயும் வராது, அதனால் பயமில்லாமல் பைட்டாகவே தேடலாம்.

துண்டு துண்டாக எண்ணுபவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தப்பு: ஒவ்வொரு துண்டிலும் முதல் நூறு சொற்களை மட்டும் வாங்கிக் கூட்டி, அதிலிருந்து மொத்தத்தின் முதல் நூறை எடுப்பது. எல்லாத் துண்டிலும் 101ஆம் இடத்தில் இருக்கும் சொல் மொத்தத்தில் முதல் ஐம்பதுக்குள் வரக்கூடும், ஆனால் அது எங்குமே அனுப்பப்பட்டிருக்காது. ஹேஷால் பிரித்த ஃபைல்களில் இந்த ஆபத்து இல்லை, அங்கே ஒவ்வொன்றின் முதல் நூறையும் எடுத்துச் சேர்த்தால் விடை சரியாகவே வரும்.

லினக்ஸ் கட்டளை வரியில் வேலையை முடிக்கலாம் என்றால் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட், அதோடு யூனிக் என்ற பழைய ஜோடி இருக்கிறது. யூனிக் கட்டளை அடுத்தடுத்து இருக்கும் ஒரே மாதிரி வரிகளை மட்டுமே சேர்க்கும், அதனால்தான் முதலில் சார்ட். சார்ட்டின் அருமை, மெமரியில் அடங்காததைத் தற்காலிக ஃபைல்களாக எழுதி, பிறகு இணைத்துக்கொள்ளும். அந்தத் தற்காலிக ஃபைல்கள் டெம்ப் டைரக்டரியில் விழும், அது சின்னப் பார்ட்டிஷனாக இருந்தால் நிறைந்து பாதியில் நிற்கும். பெரிய எழுத்து டி ஆப்ஷனைக் (-T) கொடுத்து இடமுள்ள டிஸ்க்கைக் காட்டுங்கள், பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனில் (-S) எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று சொல்லுங்கள். எல்சி ஆல் என்ற சூழல் மாறியை சி என்று வைத்தால் மொழிவாரி வரிசை விதிகளைப் பார்க்காமல் பைட்டுகளை நேராக ஒப்பிடும், வேகம் நன்றாகக் கூடும். விடை அகர வரிசையில் இருக்காது, யூனிகோட் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும். எண்ணுவதற்கு அது தடையே இல்லை, ஒரே மாதிரி வரிகள் அருகருகே வந்தால் போதும். வெவ்வேறு வரிகள் குறைவு என்று தெரிந்தால் சார்ட் செய்யாமல் ஆக் (awk) என்ற கட்டளையின் அசோசியேட்டிவ் அரேயில் (அது டிக்‌ஷனரி மாதிரிதான்) எண்ணுவது பல மடங்கு சுலபம்.

பட்டியலில் இருப்பவை எண்கள் என்றால் கதை வேறு. எண்களுக்கான நம்பை லைப்ரரியின் யூனிக் ஃபங்ஷன் எண்ணிக்கையையும் சேர்த்துத் தரும், அது உள்ளே வரிசைப்படுத்தியே எண்ணுகிறது. வயது, பின்கோடு மாதிரி சின்ன எல்லைக்குள் இருக்கும் முழு எண்களுக்கு நம்பையின் பின்கவுன்ட் (bincount) ஃபங்ஷன் அதைவிட வேகம், எண்ணையே அரேயின் இடமாக வைத்து ஒரே நடையில் முடிக்கும். ஆனால் அரேயின் நீளம் மிகப் பெரிய எண்ணைப் பொறுத்தது. பத்தே எண்கள் இருந்து, அதில் ஒன்று 100 கோடியாக இருந்தால், எட்டு பைட் வீதம் 8 ஜிபி கேட்கும். எதிர்மறை எண் வந்தால் பிழை தரும். பாண்டாஸ் லைப்ரரியின் வேல்யூ கவுன்ட்ஸ் வசதியானது, ஆனால் சொல்லாவிட்டால் வெற்று மதிப்புகளை எண்ணாது. கூட்டிப் பார்க்கும்போது மொத்தம் குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பட்டியல் ஏற்கெனவே வரிசையில் இருந்தால் எண்ணவே வேண்டாம். பைசெக்ட் மாட்யூலில் நமக்கு வேண்டிய உறுப்பின் இடது எல்லை, வலது எல்லை இரண்டையும் தேடிக் கழித்தால் போதும். ஒரு கோடி உறுப்புகளுக்கு எல்லைக்கு 24 ஒப்பீடுகள் அளவில் முடியும்.

டேட்டாபேஸில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நட்சத்திரக் குறியோடு கவுன்ட் போட்டால் எல்லா வரிசைகளும் எண்ணப்படும், நெடுவரிசையின் (column) பெயரைப் போட்டால் அதில் உள்ள வெற்று (null) மதிப்புகள் விட்டுப்போகும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் முழு டேபிளையும் எண்ணுவது மெதுவாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தெரியும் வரிசைகள் வேறாக இருக்கலாம் என்பதால் ஒரே பொது எண்ணை அது எங்கும் வைத்திருக்க முடியாது. பக்கத்தின் அடியில் ‘சுமார் இத்தனை முடிவுகள்’ என்று காட்டத்தான் எண்ணுகிறீர்கள் என்றால், பிஜி கிளாஸ் அட்டவணையில் உள்ள ரெல்டூப்பிள்ஸ் என்ற தோராய எண்ணிக்கையே போதும். வாக்யூம், அனலைஸ் என்ற பராமரிப்புக் கட்டளைகள் ஓடும்போது அது புதுப்பிக்கப்படும்.

சரியான எண் தேவையில்லை என்றால்

பட்டியல் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது, வெவ்வேறு பொருள்களோ பல கோடி. அதிகம் வருபவை எவை என்று மட்டும் தெரிந்தால் போதும். 1982இல் ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் கொடுத்த முறை இதற்கு மிக அழகானது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருபவற்றைப் பிடிக்க, சொல்லையும் அதன் எண்ணையும் வைக்க இரண்டே இடங்கள் போதும். ‘என்று, ஒரு, என்று, மழை, என்று, ஒரு, என்று’ என ஏழு சொற்கள் வருகின்றன என்று வைப்போம். முதல் மூன்றுக்குப் பிறகு ‘என்று’ இரண்டு, ‘ஒரு’ ஒன்று. நான்காவதாக ‘மழை’ வருகிறது, காலி இடம் இல்லை. அப்போது ‘மழை’யைச் சேர்ப்பதில்லை, இருக்கும் எல்லோரிடமும் ஒன்றைக் கழிக்கிறோம். ‘என்று’ ஒன்றாகிறது, ‘ஒரு’ பூஜ்யமாகி வெளியேறுகிறது. அடுத்த மூன்றும் வந்த பின் ‘என்று’ மூன்று, ‘ஒரு’ ஒன்று. உண்மையில் அவை நான்கும் இரண்டும். எண்ணிக்கை குறைவாகக் காட்டலாம், கூட்டிக் காட்டாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்த எதுவும் வெளியே போயிருக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கழித்தலும் மூன்று வேறு வேறு சொற்களை ஒருசேர அழிக்கிறது. ஏழு சொற்களில் அப்படி இரண்டு முறைக்கு மேல் நடக்க வழியில்லை. பட்டியலை மறுபடி நடக்க முடிந்தால், மிஞ்சியவற்றை மட்டும் சரியாக எண்ணிக்கொள்ளலாம்.

எந்தச் சொல்லைக் கேட்டாலும் தோராயமாகச் சொல்ல வேண்டும் என்றால் கிரஹாம் கார்மோட், எஸ். முத்துகிருஷ்ணன் இருவரின் 2005ஆம் ஆண்டு கவுன்ட்-மின் ஸ்கெட்ச். ஐந்து வரிசை, வரிசைக்கு 27,183 கட்டம், கட்டத்துக்கு நான்கு பைட் என்றால் 540 கேபி அளவுதான். ஒவ்வொரு வரிசையிலும் வேறு ஹேஷ் காட்டும் கட்டத்தில் ஒன்றைக் கூட்டுவோம், கேட்கும்போது ஐந்தில் சிறியதைச் சொல்வோம். இந்த அளவில் மொத்தத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்தம் பத்து கோடி என்றால் அந்தப் பிழை 10,000 வரை போகும். பத்து லட்சம் முறை வந்த சொல்லுக்கு அது ஒன்றுமில்லை. 50 முறை வந்த அபூர்வச் சொல்லின் எண்ணிக்கையை இதில் கேட்பது அர்த்தமற்றது. உள்ளே என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று பட்டியலும் தராது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஹீப் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெவ்வேறு பொருள்கள் எத்தனை என்று மட்டும் தெரிய வேண்டுமா? 2022இல் சௌரவ் சக்ரவர்த்தி, என். வி. வினோத்சந்திரன், குல்தீப் மீல் மூவரும் வெளியிட்ட முறையைக் கல்லூரியில் முதல் பாடமாகவே வைக்கலாம். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் அதைப் பாராட்டிக் குறிப்பு எழுதி, மூவரின் பெயரின் முதலெழுத்துகளால் சிவிஎம் என்று அழைத்தார். காலியான ஒரு சின்ன செட்டோடும், சொல்லைச் சேர்க்கும் வாய்ப்பு 1 (அதாவது நூறு சதவீதம்) என்றும் தொடங்குகிறோம். சொல் வந்ததும் செட்டில் இருந்தால் எடுத்துவிட்டு, இப்போதைய வாய்ப்பின்படி மறுபடி சேர்க்கிறோம் அல்லது விடுகிறோம். செட் நிரம்பினால் ஒவ்வொன்றுக்கும் காசு சுண்டி ஏறக்குறைய பாதியை வெளியேற்றி, வாய்ப்பைப் பாதியாக்குகிறோம். கடைசியில் செட்டின் அளவை வாய்ப்பால் வகுத்தால் விடை. ஹேஷ் எதுவும் வேண்டாம்.

நடைமுறையில் கையில் கிடைப்பது ஹைப்பர்லாக்லாக். ஃபிலிப் ஃபிளஜோலேயும் உடனிருந்தவர்களும் 2007இல் தந்தது. இரும எண்ணாக எழுதிய ஹேஷின் தொடக்கத்தில் பத்து பூஜ்யங்கள் வர 1,024இல் ஒரு வாய்ப்புதான். ஆகவே பத்து பூஜ்யங்களைப் பார்த்துவிட்டோம் என்றால் ஆயிரம் அளவில் வெவ்வேறு சொற்கள் வந்திருக்க வேண்டும். ஒரே சொல் ஆயிரம் முறை வந்தாலும் ஹேஷ் அதேதான், கணக்கு ஏமாறாது. ஒற்றை அளவீடு தடுமாறும் என்பதால் பல பதிவேடுகளாகப் பிரித்துச் சராசரி எடுக்கிறார்கள். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 16,384 பதிவேடுகளை ஆறு பிட் வீதம் 12 கேபியில் வைக்கிறது, தரப்பிழை (விடையில் வழக்கமாக எதிர்பார்க்கும் விலகல்) 0.81 சதவீதம். அதன் கட்டளைகள் எல்லாம் பிஎஃப் என்று தொடங்குவது ஃபிளஜோலேயின் நினைவாகத்தான்.

ஒரு வலைத்தளத்துக்கு வரும் வெவ்வேறு பயனர்களை நாள்தோறும் இப்படி எண்ணுகிறோம் என்று வைப்போம். இரண்டு நாள்களின் பதிவேடுகளை இணைத்து மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் ரெடிஸ் சரியாகவே சொல்லும், பிழை அதே அளவுதான். இரண்டு நாளும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பதுதான் தப்பு. நாளுக்குப் பத்து லட்சம் பேர், பொதுவானவர்கள் 5,000 பேர் என்றால் இணைத்த எண்ணிக்கை 19.95 லட்சம். அதன் தரப்பிழையே 16,000 பேர் இருக்கும். கழித்து வரும் விடை சில நாள் 20,000 என்று வரும், சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அந்தக் கேள்வி முக்கியம் என்றால் பயனர் எண்களையே செட்டாகச் சேமித்து வைக்க வேண்டும்.